சினாலஜி டிஎஸ்224+: டேலி ஓடும் ஆபீஸை ரேன்சம்வேரிலிருந்து எவ்வளவு காப்பாற்றும்?

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். சினாலஜி டிஎஸ்224+ ஒரு நாஸ், அதாவது லேனில் மாட்டி எல்லா கம்ப்யூட்டரின் டேட்டாவையும் சேமிக்கும் டிஸ்க் பெட்டி; பத்து கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஆபீஸுக்கு வாங்கத் தகுந்ததுதான். ஆனால் கடைக்காரர் வந்து மாட்டி, எல்லா கம்ப்யூட்டரிலும் இசட் டிரைவாக இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனாரே, அந்த நிலையிலேயே விட்டுவைத்தால் ரேன்சம்வேர் வரும் நாளில் இதுவும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். இந்தப் பெட்டிக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு ஒரே ஒரு வசதிக்குத்தான்: இம்யூட்டபிள் ஸ்னாப்ஷாட், அதாவது குறித்த நாள் வரை யாராலும் அழிக்க முடியாத டேட்டாப் பிரதி. அதை இயக்கப் போவதில்லை என்றால் இரண்டு யுஎஸ்பி டிஸ்க் வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிப் பீரோவில் பூட்டி வையுங்கள். செலவும் குறைவு, பத்திரமும் அதிகம்.

ரேன்சம்வேர் ஃபைல்களைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது எதுவரை எட்டும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. மாட்டிய கம்ப்யூட்டரின் யூசருக்கு எங்கெல்லாம் எழுதும் உரிமை இருக்கிறதோ, அங்கெல்லாம் எட்டும். பல பேர் உட்கார்ந்து பில் போடும் டேலி கோல்டில், டேட்டா ஃபோல்டரை எல்லா கம்ப்யூட்டருக்கும் எழுதும் உரிமையோடு ஷேர் செய்தால்தான் வேலையே நடக்கும். ஆகவே பில்லிங் கவுன்டரில் இருக்கும் பையன் ஒரு தப்பான அட்டாச்மென்ட்டைத் திறந்தாலே போதும், உள்ளறையில் இருக்கும் டேலி சர்வரின் கம்பெனி ஃபோல்டர்கள் அத்தனையும் போய்விடும். சர்வரில் வைரஸே ஏறியிருக்காது. ஏற வேண்டிய அவசியமும் இல்லை. விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய பிரதிகளை நம்பவும் முடியாது. இந்த ரகத்தில் பெரும்பாலானவை உள்ளே வந்ததும் விஎஸ்எஸ்அட்மின் கட்டளையை ஓட்டி அந்த ஷேடோ காப்பிகளை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் பூட்டவே ஆரம்பிக்கின்றன.

சேலத்து ஆபீஸ்களுக்குள் அது நுழையும் வழிகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, முதலாளி வீட்டிலிருந்து டேலி பார்ப்பதற்காக ரவுட்டரில் 3389-ஐத் திறந்துவிட்ட ரிமோட் டெஸ்க்டாப். போர்ட் எண்ணை 3390 என்று மாற்றி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. ஸ்கேன் செய்கிறவனுக்கு அது சில நிமிட வேலை. இரண்டாவது, கிராக் சாஃப்ட்வேர். இளம்பிள்ளை, அம்மாபேட்டைப் பக்கம் ஜக்கார்டு டிசைன் போடும் கம்ப்யூட்டர்களில் இது சகஜம். ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் சொல்லப்படும் ரேன்சம்வேர் குடும்பம் பரவியதே முக்கியமாக கிராக், கீஜென் ஃபைல்கள் வழியாகத்தான். மூன்றாவது, எடைமேடையோடு கட்டிப்போட்ட பழைய விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2020 ஜனவரி 14-ல் நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல். 2017 மே 12-ல் கிளம்பிய வான்னாக்ரை, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, விண்டோஸ் ஃபைல் ஷேரிங்குக்கான 445 போர்ட் வழியாகக் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. எல்லோரும் டேலி டேலி என்கிறார்கள். டேலி போனால் பெரிய தொல்லைதான். ஆனாலும் ஜிஎஸ்டி தளத்தில் நீங்கள் ஏற்றிய விற்பனை விவரம் இருக்கும், கொள்முதல் பக்கம் அதே தளத்தின் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் கிடைக்கும், பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கும், ஆடிட்டரிடம் மார்ச் மாதத்துக் காப்பி இருக்கும். ஒரு மாதம் உட்கார்ந்தால் ஓரளவு திரும்பக் கட்டிவிடலாம். செவ்வாய்பேட்டையில் பட்டறைக்கு எவ்வளவு வெள்ளி கொடுத்தோம், கொலுசாக எவ்வளவு திரும்பியது, சேதாரம் எவ்வளவு கழித்தோம் என்ற எக்ஸெல் ஷீட் எந்த அரசுத் தளத்திலும் இல்லை. சவ்வரிசி ஆலையில் லோடு லோடாக வந்த மரவள்ளிக்கிழங்கின் எடையும் பாயின்டும் (மாவுச்சத்து அளவு) எடைமேடை கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும். விவசாயிக்குப் பணம் தருவது அதை வைத்துத்தான். ஜக்கார்டு டிசைனோ, வரைந்தவர் கையை விட்டுப் போனால் போனதுதான். பேக்கப் பட்டியலில் இவை முதலில் வரட்டும்.

பெட்டியும் டிஸ்க்கும்

டிஎஸ்224+ 2023-ல் வந்த மாடல். இரண்டு டிஸ்க் போடலாம். இன்டெல் செலரான் ஜே4125, 2 ஜிபி ரேம், பின்னால் இரண்டு கிகாபிட் லேன் போர்ட். ரேமில் 2 ஜிபி போர்டோடு சேர்ந்தே வருகிறது, காலி ஸ்லாட்டில் இன்னொரு 4 போட்டு 6 ஆக்கலாம். பத்து கம்ப்யூட்டரின் பேக்கப்பும் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து ஓடும்போது 2 ஜிபி திணறும், ஆகவே அந்த 4-ஐ வாங்கும்போதே போட்டுவிடுங்கள். பெட்டி மட்டும் முப்பதாயிரத்தைச் சுற்றி வரும். டிஸ்க் தனி.

டிஸ்க்கில்தான் கடைகளில் கை வைப்பார்கள். கேமரா மாட்டும் கடையில் வாங்கினால் அவர்களிடம் கையிருப்பில் இருக்கும் சிசிடிவி டிஸ்க்கைப் போட்டுத் தருவார்கள். அது விடாமல் வீடியோ எழுதுவதற்கென்று செய்தது, இந்த வேலைக்கு வேண்டாம். டபிள்யூடி ரெட் என்று மட்டும் போட்டிருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். 2 முதல் 6 டிபி வரையான ரெட் டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் முறை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நெருக்கி எழுதுவது) இருப்பதை அந்த நிறுவனமே 2020-ல் ஒப்புக்கொண்டது. அந்த முறையில் ஒரு டிஸ்க் செத்து, புது டிஸ்க்குக்கு டேட்டா மாறும் நேரம் இழுஇழு என்று இழுக்கும். ரெட் பிளஸ் அல்லது சீகேட் அயர்ன்வுல்ஃப் என்று கோட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள், மாடல் எண்ணோடு.

அளவுக்கு ஒரு கணக்கு. பத்து கம்ப்யூட்டரில் தலைக்கு 120 ஜிபி நிரம்பியிருந்தால் மொத்தம் 1.2 டிபி. எல்லாவற்றிலும் அதே விண்டோஸ், அதே ஆபீஸ் என்பதால் ஒரே மாதிரி ஃபைல்களை ஒரு முறைதான் சேமிக்கும், உண்மையில் இன்னும் குறையும். ஆனால் ரேன்சம்வேர் பூட்டிய பிறகு ஒரு பேக்கப் ஓடிவிட்டால், பூட்டிய டேட்டா சுருங்கவும் சுருங்காது, பழையதோடு பொருந்தவும் பொருந்தாது. அந்த ஒரே நாளில் இன்னொரு 1.2 டிபி வரை ஏறலாம். ஆகவே 4 டிபி இரண்டு, ஒன்றுக்கு ஒன்று கண்ணாடிப் பிரதியாக. 2 டிபி இரண்டு போட்டால் வேண்டிய அன்றைக்குத்தான் இடம் பற்றாமல் போகும். கண்ணாடிப் பிரதி என்பதை பேக்கப் என்று நினைத்துவிட வேண்டாம். அது டிஸ்க் சாவதற்கு மட்டுமே மருந்து. பூட்டிய ஃபைலையும் இரண்டு டிஸ்க்கிலும் ஒழுங்காக எழுதி வைக்கும்.

வேகம் பற்றிப் புகார் வந்தால் பெரும்பாலும் குற்றம் பெட்டியின் மேல் இருக்காது. கிகாபிட் லேனில் நொடிக்கு 110 எம்பி வரை போகும். 100 எம்பிபிஎஸ் சுவிட்ச் என்றால் 11 எம்பிதான். அந்த 1.2 டிபி முதல் பேக்கப், ஒன்றில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல், மற்றதில் முப்பது மணி நேரம். சுவிட்ச் கிகாபிட்தான், ஆனாலும் மெதுவாக ஓடுகிறது என்றால் கேபிள் முனையைப் பாருங்கள். எட்டு ஒயரில் நாலை மட்டும் கிரிம்ப் செய்திருப்பார்கள், கேமரா கேபிளுக்குப் பழகிய கை. நாலு ஒயரில் 100-க்கு மேல் வராது. எட்டையும் போட்டு மறுபடி கிரிம்ப் செய்தால் சரியாகிவிடும்.

செட்டிங்: இங்கேதான் எல்லாமே

டிஸ்க்கை முதன்முதலில் தயார் செய்யும்போது வால்யூமின் ஃபைல் சிஸ்டத்தை (ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கும் முறை) பிடிஆர்எஃப்எஸ் என்று தேர்வு செய்யுங்கள். இஎக்ஸ்டி4 கொடுத்துவிட்டால் ஸ்னாப்ஷாட்டே கிடையாது. பிறகு மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஏற்கெனவே மாட்டிவைத்திருப்பவர்கள் ஸ்டோரேஜ் மேனேஜரில் இதை முதலில் பார்க்கவும். பெட்டியை ஓட்டும் சாஃப்ட்வேரான டிஎஸ்எம் 7.2 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இம்யூட்டபிள் வசதி அதிலிருந்துதான் வந்தது.

அடுத்து ஆக்டிவ் பேக்கப் ஃபார் பிசினஸ் என்ற சினாலஜியின் பேக்கப் சாஃப்ட்வேர். லைசென்ஸ் காசு கிடையாது, இந்தப் பெட்டியின் இரண்டாவது பெரிய லாபம் இதுதான். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு ஏஜென்ட் போட்டுவிட்டால் முழு கம்ப்யூட்டரையும், விண்டோஸ் உட்பட, படமாக எடுத்துக்கொள்ளும். அந்த ஏஜென்ட் 5510 போர்ட்டில் பெட்டியோடு பேசும். அதற்கு இசட் டிரைவ் எதுவும் தேவையில்லை. டிரைவாகவோ நெட்வொர்க் ஷேராகவோ கம்ப்யூட்டருக்கு எட்டாத இடத்துக்குள் ரேன்சம்வேர் நேராக நுழைந்து எழுத முடியாது. ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் யூசரை பேக்கப்புக்கென்றே தனியாக உருவாக்குங்கள். அட்மின் பாஸ்வேர்டை எந்தக் கம்ப்யூட்டரிலும் டைப் செய்யவே கூடாது. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டைத் திருடுவது ரேன்சம்வேர் ஆட்கள் உள்ளே வந்ததும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று. பெட்டியின் ஃபயர்வாலில் 445-ஐ மூடிவிடுங்கள். பெட்டியின் நிர்வாகப் பக்கம் ஓடும் 5001-ஐ நிர்வாகம் செய்யும் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் திறந்து, 5510-ஐ உள் நெட்வொர்க் முழுவதற்கும் விடுங்கள்.

ஷேர் ஃபோல்டரும் இதிலேயே வேண்டும் என்பவர்கள் அதற்குத் தனி ஃபோல்டர் வைத்து, அதற்கு மட்டும் மணிக்கொரு ஸ்னாப்ஷாட் போடலாம். அப்போது 445 திறந்திருக்கும், ஆபத்து கொஞ்சம் கூடும். முடிந்தால் தவிருங்கள்.

பேக்கப் நேரம்: ராத்திரி 11 மணி என்று வைத்துவிட்டு, எட்டரைக்கு மெயினை அணைத்துக் கடையைப் பூட்டிக்கொண்டு போகும் ஆபீஸ்கள் இங்கே ஏராளம். பேக்கப் ஓடாது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். சாப்பாட்டு நேரம், மதியம் ஒன்றரை, பொருத்தமாக இருக்கும். இல்லையென்றால் ஸ்கிரீன் லாக் ஆகும்போது ஓடும்படி அதிலேயே வசதி இருக்கிறது. முதல் பேக்கப்புக்குப் பிறகு மாறியதை மட்டும்தான் எடுக்கும் என்பதால் தினசரி வேலை சில நிமிடத்தில் முடியும்.

இப்போது முக்கியமானது. பேக்கேஜ் சென்டரிலிருந்து ஸ்னாப்ஷாட் ரெப்ளிகேஷனை இறக்கி, ஆக்டிவ் பேக்கப் சேமிக்கும் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, தினமும் மாலை நாலு மணி என்று அட்டவணை போடுங்கள். பேக்கப் முடிந்த பிறகு எடுக்க வேண்டும் என்பதால் இந்த இடைவெளி. அதே இடத்தில் இம்யூட்டபிள் என்பதை டிக் செய்து 14 நாள் கொடுங்கள். அந்த 14 நாளைக்கு அந்தப் பிரதியை யாராலும் அழிக்க முடியாது. அட்மின் பாஸ்வேர்டைத் திருடியவனாலும், நீங்களே மனசு மாறினாலும். ஏழு நாள் போதாதா என்றால், போதாது. உள்ளே வந்தவன் அன்றே பூட்டுவதில்லை. சில நாள் சுற்றிப் பார்த்து, பேக்கப் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, வெள்ளிக்கிழமை இரவோ பண்டிகை விடுமுறையிலோதான் பூட்டுவான். ஆடிப்பெருக்குக்கு நாலு நாள் கடை அடைத்திருந்து திங்கள்கிழமை திறந்தால், ஏழு நாளில் பாதி ஏற்கெனவே போயிருக்கும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அழிக்க முடியாது என்றால் நிஜமாகவே முடியாது. டிஸ்க் நிரம்பிவிட்டால் பழைய ஸ்னாப்ஷாட்டை அழித்து இடம் பிடிக்க வழியில்லை, காலம் முடியும் வரை புதுப் பேக்கப் நிற்கும். யாராவது கம்ப்யூட்டரில் படம் படமாக இறக்கி வைத்தாலே இது நடக்கும். பேக்கப்பில் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் கிடக்கும் தனி டிரைவை விட்டுவிடுங்கள். வால்யூமில் எப்போதும் 40 சதவீதமாவது காலியாக இருக்கட்டும். தினமும் 2, 3 ஜிபி ஏறிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் ஒரு நாள் திடீரென்று 80 ஜிபி ஏற்றினால், யாரோ சினிமா இறக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபைல்கள் பூட்டப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும். மெயில் நோட்டிஃபிகேஷனை இயக்கி, அந்த மெயிலைத் தினமும் பார்க்கும் ஒருவரின் முகவரியைக் கொடுங்கள்.

மின்சாரம். இ.பி. பராமரிப்பு நாளில் இன்வெர்ட்டர் கை கொடுக்கும், ஆனால் மாறும் கணத்தில் பெட்டி ரீஸ்டார்ட் ஆகலாம். யுஎஸ்பி டேட்டா போர்ட் உள்ள யூபிஎஸ் வாங்கிப் பெட்டியோடு இணைத்தால், பேட்டரி தீரும் முன் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். மலிவான யூபிஎஸ்களில் அந்த போர்ட் இருக்காது, பார்த்து வாங்கவும். ராத்திரி மெயினை அணைப்பவர்கள் இந்தப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் தனி லைன் இழுத்துக்கொள்ள வேண்டும்.

டேலிக்குத் தனி வழி

முழுக் கம்ப்யூட்டர் படம் எடுக்கும்போது டேலி திறந்திருந்தால், கரண்ட் போன கணத்தில் டேட்டா எப்படி இருக்குமோ அப்படிப்பட்ட பிரதிதான் கிடைக்கும். பெரும்பாலும் திறக்கும். பெரும்பாலும் என்பதை நம்பி வியாபாரம் செய்ய முடியாது. ஆகவே மாலையில் எல்லோரும் வெளியே வந்த பிறகு டேலிபிரைமில் ஆல்ட்+ஒய் அழுத்தி பேக்கப் எடுத்து, டேலி சர்வரிலேயே ஒரு ஃபோல்டரில் தேதி போட்டுச் சேமியுங்கள். அந்த ஃபோல்டரைப் படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு யூசரை அந்த சர்வரில் உருவாக்குங்கள். ஆக்டிவ் பேக்கப்பில் ஃபைல் சர்வர் என்று ஒரு பகுதி இருக்கிறது. பெட்டி அந்த யூசராகப் போய் ஃபோல்டரைத் தானே இழுத்துக்கொண்டு வரும். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் எழுதுவதில்லை, பெட்டிதான் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்கிறது. வெள்ளிக் கணக்கு ஷீட், பாயின்ட் ரிஜிஸ்டர், டிசைன் ஃபோல்டர் எல்லாவற்றையும் இதே வழியில் சேர்த்துவிடலாம்.

இப்படி வந்த ஃபைல்கள் சாதாரண ஃபைல்களாகவே இருக்கும் என்பதால், பெட்டியிலேயே கிடைக்கும் ஹைப்பர் பேக்கப் என்ற பேக்கேஜ் மூலம் யுஎஸ்பி டிஸ்க்குக்கும் இறக்கலாம். பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைத் தானே கழற்றிவிடும் செட்டிங் இருக்கிறது, அதை இயக்குங்கள். இரண்டு டிஸ்க், வாரம் ஒன்று, மாட்டாதது முதலாளி வீட்டில். இதற்குச் செலவு குறைவு, ஆனால் கடைசியில் நம்ப வேண்டியது இதைத்தான். தீயோ திருட்டோ வந்தால் இம்யூட்டபிள் ஒன்றும் செய்யாது. என்கிரிப்ஷன் பாஸ்வேர்டைப் பேப்பரில் எழுதி பத்திரத்தோடு வையுங்கள். மார்ச் 31 பேக்கப்பைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். கம்பெனி சட்டப்படி கணக்குப் புத்தகங்கள் 8 ஆண்டு இருக்க வேண்டும், ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவு ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் கேட்கிறது. டிராயரில் போட்ட டிஸ்க் அவ்வளவு ஆண்டு உயிரோடு இருக்கும் என்று எண்ணாமல், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

திரும்ப எடுத்துப் பார்த்தால்தான்

"சார், பேக்கப் தானா ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போனவர்களிடம், ஒரு முறை திரும்ப எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியது இது: பெட்டியிலிருந்து நேற்றைய டேலி பேக்கப்பை எடுத்து, டெஸ்ட் என்ற புது ஃபோல்டருக்கு ரீஸ்டோர் செய்யுங்கள். பழைய பாதையையே கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனி மேலேயே எழுதிவிடும், கவனம். பிறகு டேலியில் அந்தப் பாதையைக் கொடுத்துத் திறந்து, டே புக்கில் கடைசி வவுச்சர் எண்ணையும் கேஷ் குளோசிங்கையும் நேற்றைய கணக்கோடு பொருத்திப் பாருங்கள். ஒத்துவந்தால்தான் அது பேக்கப்.

முழுக் கம்ப்யூட்டரைத் திரும்பக் கட்ட ரிக்கவரி மீடியா கிரியேட்டர் வைத்து ஒரு பென்டிரைவை முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். அவசரத்தில் செய்யப் போனால் அதைச் செய்வதற்கு ஒரு நல்ல கம்ப்யூட்டர் இருக்காது. 120 ஜிபி, லேன் கணக்குப்படி 18 நிமிடம். எஸ்எஸ்டி இல்லாத பழைய கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் பெட்டி நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எந்தத் தேதிப் பிரதி என்பதில் நிதானம் வேண்டும். பூட்டப்பட்டதற்கு முந்தைய நாள் பிரதியில் ஃபைல்கள் நன்றாக இருக்கும், கூடவே அவன் வைத்துவிட்டுப் போன நுழைவாயிலும் இருக்கும். விண்டோஸைப் புதிதாகப் போட்டு, டேட்டாவை மட்டும் பிரதியிலிருந்து எடுப்பதுதான் சரி.

பெட்டியையே தாக்கினால்

நாஸ் பெட்டிகளும் தப்பவில்லை. 2014 ஆகஸ்டில் சினோலாக்கர் பழைய டிஎஸ்எம் ஓடிய சினாலஜி பெட்டிகளைப் பூட்டியது. 2021 ஏப்ரலில் க்யூலாக்கர், க்யூநாப் பெட்டிகளில் இருந்த ஃபைல்களை 7-ஜிப்பில் பாஸ்வேர்ட் போட்டுக் கட்டிவைத்து 0.01 பிட்காயின் கேட்டது. 2022 ஜனவரியில் டெட்போல்ட். மூன்றுக்கும் பொதுவானது, மாட்டிய பெட்டிகள் இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து கிடந்தன. ஆகவே 5000, 5001 எதையும் ரவுட்டரில் திறக்காதீர்கள். வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் (வெளியிலிருந்து பாதுகாப்பாக இணையும் வழி) பேக்கேஜ் இதில் கிடைக்கிறது, ரிமோட் டெஸ்க்டாப்புக்கும் அதையே பயன்படுத்தி 3389-ஐ மூடிவிடலாம். அட்மின் கணக்குக்கு இரண்டு அடுக்கு லாகின், ஆட்டோ பிளாக், தானாக அப்டேட்: மூன்றையும் முதல் நாளே.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஆபீஸ்களுக்கு இந்தப் பெட்டி கொஞ்சம் அதிகம். இரண்டு கம்ப்யூட்டருக்கு யுஎஸ்பி டிஸ்க் இரண்டே போதும். அடிக்கடி சேலம் இறங்கும் வண்டியில் ஒன்று போகட்டும். மழைக்காலத்தில் இடி இறங்கினால் லேன் கேபிள் வழியாகவும் பெட்டி போகும். கட்டடத்துக்குக் கட்டடம் இழுத்த செப்பு கேபிளுக்குப் பதில் ஃபைபர் போட்டுக்கொள்ளுங்கள்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் வைத்திருக்கிறோமே என்பவர்களுக்கு: அவை சிங்க் செய்பவை, பூட்டிய ஃபைலையும் ஒழுங்காக மேலே ஏற்றும். பழைய வெர்ஷன் 30 நாள் வரை கிடைக்கும் என்பது ஆறுதல், முழு ஃபோல்டரையும் பின்னுக்குக் கொண்டுபோவது தலைவலி. விண்டோஸோடு வரும் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் இலவசம், 2017-லிருந்து இருக்கிறது, தானாக இயங்காது. அதை இயக்கினால் டேலியை அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் வவுச்சர் சேவ் ஆகாமல் எல்லோரும் கத்துவார்கள். இவை பெட்டிக்குத் துணை, மாற்று இல்லை.

நடந்துவிட்டால், லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், கம்ப்யூட்டரை அணைக்காமல் விடுங்கள்; சில நேரம் சாவி மெமரியில் கிடக்கும். ஃபார்மேட் வேண்டாம். மிரட்டல் குறிப்பையும் பூட்டிய ஃபைல் ஒன்றிரண்டையும் எடுத்துவைத்து, யூரோபோல் உள்ளிட்ட அமைப்புகள் 2016-ல் தொடங்கிய நோ மோர் ரேன்சம் தளத்தில் போட்டுப் பாருங்கள், சில குடும்பங்களுக்குச் சாவி இலவசமாக இருக்கிறது. சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தெரிவிக்க வேண்டும்.

வாங்கும் இடத்தில், கோட்டேஷனில் பெட்டி, டிஸ்க் மாடல், ரேம், இன்ஸ்டலேஷன் ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக இருக்கட்டும். இன்ஸ்டலேஷன் என்ற வரிக்கு எதிரே இம்யூட்டபிள் ஸ்னாப்ஷாட் 14 நாள், ஒரு டேலி ரீஸ்டோர் செய்து காட்டுதல் என்று எழுதச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகு மீதிப் பணம். அட்மின் பாஸ்வேர்ட் உங்களிடம் இருக்க வேண்டும், கடைக்காரரின் எல்லாக் கஸ்டமருக்கும் ஒரே பாஸ்வேர்டாக இருக்கக் கூடாது. இதற்குப் பின் வந்த டிஎஸ்225+ கடையில் கிடைத்தால் அதையும் பார்க்கலாம்: அதே செலரான், ஒரு போர்ட் மட்டும் 2.5 கிகாபிட். 2025 மாடல்களுக்கு சொந்த டிஸ்க்தான் போட வேண்டும் என்று சினாலஜி போட்ட கட்டுப்பாட்டை டிஎஸ்எம் 7.3-ல் தளர்த்திவிட்டார்கள், ஆகவே அதில் வேறு டிஸ்க் போடுவதாக இருந்தால் முதலில் 7.3-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். 224+ கையில் இருப்பவர்கள் இதற்காக மாற்ற வேண்டியதில்லை.